வெயில் பழகிய உடம்பு... உண்மையும் சாக்கும்

"நம்ம ஊரு உடம்பு சார், வெயிலெல்லாம் பழகிப் போச்சு!"

காஞ்சிபுரத்தில் மே மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் வாக்கியம் இது. சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டிக்கு முன்னால் நிற்பவரைப் பற்றிச் சொல்வார்கள். கருட சேவை அன்று தோளில் தண்டு தாங்கி, தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பற்றியும் சொல்வார்கள். மைதானத்தில் ஓட விடப்படும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் இதே வாக்கியம்தான். சொல்பவர் பெரும்பாலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இந்த வாக்கியம் முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் எவ்வளவு பழகும், எத்தனை நாளில் பழகும், பழகியது எப்போது போய்விடும், எந்த இடத்துக்கு மேல் பழகவே பழகாது... இந்த நான்கு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் "பழகிப் போச்சு" என்பது ஒரு சாக்கு என்று தெரிந்துவிடும்.

முதலில் உடம்பின் கணக்கு

மனிதத் தசை ஓர் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், அது ரொம்ப வீணடிக்கும் இயந்திரம். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாக மாறும். மீதி முழுவதும் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறார், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. நடுத்தரமான உடல் உழைப்பு என்றால் இது 300 வாட்டைத் தொடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் இப்படி உழைக்கிறார், அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடல் வெப்பம் 5 டிகிரி ஏறிவிடும். 37-ல் ஆரம்பித்தவர் 42-ல் நிற்பார். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாற ஆரம்பித்தால் அதற்குப் பெயர் வெப்பத்தாக்கு. அதாவது உழைக்கும் ஒவ்வொரு மனிதரும் மரணத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார். காப்பாற்றுவது இரண்டே விஷயங்கள், தோலுக்கு ஓடும் ரத்தமும் வியர்வையும்.

தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்புச் சூடு தானாகவே வெளியே போகும். காஞ்சிபுரத்தில் அக்னி நட்சத்திரக் காலத்தில் 38, 40 டிகிரி என்பது அதிசயமில்லை. சென்னைக்கு மதியத்திலேயே வந்துவிடும் கடற்காற்று காஞ்சிக்கு வந்து சேர நேரமாகும். அப்போது சூடு வெளியே போவதற்குப் பதிலாக வெளியிலிருந்து உள்ளே வரும். மிச்சமிருப்பது வியர்வை மட்டும்.

வியர்வை எப்படி வேலை செய்கிறது என்பதை மண்பானையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தோலும் அதையேதான் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். இதில் முக்கியமான வார்த்தை "ஆவியானால்". நெற்றியிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வை ஒரு துளி சூட்டையும் எடுப்பதில்லை. அது வீணாய்ப் போன தண்ணீர். மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது என்று எல்லா வீட்டிலும் தெரியும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் மனிதப் பானையும் குளிராது.

1770களில் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நண்பர்களுடன் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கிய அறைக்குள் சில நிமிடங்கள் இருந்து பார்த்தார். கூடவே முட்டையும் இறைச்சியும் எடுத்துப் போனார்கள். முட்டை வெந்துவிட்டது, மனிதர்கள் நடந்து வெளியே வந்தார்கள்! காரணம், காற்று காய்ந்திருந்தது, வியர்வை உடனே ஆவியானது. அதே அறையில் நீராவி நிறைந்திருந்தால் கதை வேறு.

ஆகவே, வெறும் டிகிரி கணக்கு ஏமாற்றும். 15 சதவீத ஈரப்பதமுள்ள 42 டிகிரியில் வியர்வைக்கு வேலை செய்ய வழி உண்டு. 75 சதவீத ஈரப்பதமுள்ள 34 டிகிரியில் அந்த வழி பாதி அடைபட்டுவிடும். செய்தியில் முதலாவதுதான் "கொளுத்தும் வெயில்" என்று வரும். இரண்டாவது "கொஞ்சம் புழுக்கம்" என்பதோடு போய்விடும். சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று யோசிக்கவே ஆரம்பிக்கும். 37 டிகிரியும் கடும் புழுக்கமும் சேர்ந்த ஒரு நாளில் சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு வெப்ப அலை எச்சரிக்கை வராமலே போகலாம்.

பழகுவது என்றால் என்ன?

சரி, உடம்பு பழகுமா? பழகும். தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெயிலில் உழைத்தால் 7 முதல் 14 நாட்களில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் ஒரே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கிறது, அதிகமாகச் சுரக்கிறது. அதில் போகும் உப்பின் அளவு குறைகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளர்களைச் சூடாக்கிய அறைகளில் படியேறி இறங்கவைத்துப் பழக்கிய பிறகுதான் ஆழத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சாவுகள் குறைந்ததற்கு அது ஒரு காரணம்.

இங்கேதான் "நம்ம ஊரு உடம்பு" வாதம் உடைகிறது. பழக்கம் என்பது பிறந்த ஊரால் வருவதில்லை, கடந்த இரண்டு வாரங்கள் என்ன செய்தோம் என்பதால் வருவது. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் ஒரு மாதம் குளிர்சாதன அறையில் வேலை பார்த்தால் சேர்த்துவைத்த பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வேலையிடத்து வெப்ப மரணங்களில் கிட்டத்தட்ட பாதி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நடக்கின்றன. முதல் வாரத்துக்குள் 70 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத வேலை, பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டு என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள்.

இப்போது பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை முழுக்க மின்விசிறிக்குக் கீழே தொலைக்காட்சியும் செல்போனுமாகக் கிடந்த பையன் ஜூனில் பள்ளிக்கு வருகிறான். ஜூன் என்றால் வெயில் தணிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2023-ல் வெயில் காரணமாகவே ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளித் திறப்பு ஜூன் 1-லிருந்து 12-க்குத் தள்ளிப்போனது. திறந்த முதல் வாரமே மண்டல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி, பத்துச் சுற்று ஓட்டம் என்று ஆரம்பித்தால் அந்தப் பையனும் முதல் நாள் வேலைக்கு வந்த தொழிலாளியும் ஒன்றுதான். மயங்கி விழுந்தால் "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அடுத்தது உச்சவரம்பு. எவ்வளவு பழகினாலும் இயற்பியலை ஏமாற்ற முடியாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தொட்டால், எவ்வளவு வியர்த்தாலும் உடம்பு குளிராது என்று 2010-ல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 2022-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்தே சோதித்தபோது, ஈரமான சூழலில் 31 டிகிரி வாக்கிலேயே உடம்பு தோற்க ஆரம்பித்தது. அதுவும் கடும் உழைப்பில் இல்லை, லேசான வேலையில்! வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் வரம்பு இன்னும் கீழே.

இதில் இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. பழகிய உடம்பு அதிகமாக வியர்க்கும். எனவே அதற்குத் தண்ணீர் அதிகமாகத் தேவை. "பழகியவனுக்குத் தண்ணீர் வேண்டாம்" என்பது அறிவியலுக்கு நேர் எதிர்.

உடம்புக்குள் நடக்கும் சண்டை

வெயிலில் உழைக்கும்போது ரத்தத்துக்கு இரண்டு முதலாளிகள். தசை பிராணவாயு கேட்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலும் ரத்தம் கேட்கிறது. கடும் வெப்பத்தில் தோல் மட்டுமே நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல் கேட்கும். ஓய்வில் இருக்கும் இதயம் மொத்தமாக இறைப்பதே சுமார் 5 லிட்டர்தான். எங்கிருந்து எடுப்பது? குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும். வியர்த்துத் தண்ணீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் குறைகிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. ரத்தம் கிடைக்காத குடலின் சுவர் பலவீனமாகி அங்கிருக்கும் நச்சு ரத்தத்தில் கசிகிறது. வெப்பத்தாக்கில் பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்க இதுவும் ஒரு காரணம்.

ஒரே நாளில் சாகடிக்காத வெயில் மெல்ல மெல்லவும் கொல்லும். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளர்கள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். தினசரி வெப்பமும் நீரிழப்பும் அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அதே குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று தெரிந்தது.

உப்பளத்துப் பெண்களாவது "பழகாதவர்களா"? வருடக்கணக்கில் அதே வேலை! கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதும் அந்தக் குழுவின் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கழிப்பறை கட்டாதது யார் தப்பு, சிறுநீரகம் போவது யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

பெருமாளுக்குக் குடை, சுமப்பவருக்கு?

காஞ்சிபுரத்தின் பழைய வழக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவை புறப்படுவது அதிகாலையில். கோபுர வாசலில் தரிசனம் விடியும் நேரத்தில். வழியெங்கும் மண்டகப்படி, அதாவது நின்று நின்று போகும் ஏற்பாடு. நெசவாளர்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதும் வெயில் ஏறுவதற்கு முன்னால்தான். நீர்மோரும் பானகமும் வெயிலுக்கு வந்த பண்டங்கள். மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம். வியர்வையில் போகும் உப்பையும் உழைப்பில் தீரும் சர்க்கரையையும் திருப்பித் தருபவை. முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. "உடம்புக்கு ஒரு வரம்பு உண்டு" என்று அந்த வழக்கங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பதுதான் விஷயம். பழகிப் போச்சு என்று யாரும் நடுமதியத்தில் பாவு நீட்டவில்லை.

மாறியது சூழல். ஓலையும் ஓடும் இருந்த இடத்தில் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வந்தன. தலைக்கு மேல் காயும் ஷீட், தறியில் உட்கார்ந்திருப்பவர் மீது அடுப்புப் போலச் சூட்டை வீசும். மண் தெரு தார்ச்சாலை ஆனது. கூட்டமும் பெருகியது. 40 வருடங்களுக்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம் நடந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஜூலை 18 அன்று கூட்டத்தில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் 100 வாட் அடுப்பு. ஒருவர் வியர்வை அடுத்தவர் காற்றை ஈரமாக்குகிறது. நடுவில் காற்றே புகாது. வெளியே 36 டிகிரி என்றால் வரிசைக்குள் நிலைமை அதைவிட மோசம். 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் விருது விழாவுக்குத் திறந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அது மே மாதம்கூட இல்லை. அத்தனை பேரும் "நம்ம ஊரு உடம்பு" கொண்டவர்கள்தான்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. நல்ல விஷயம். ஆனால் இழப்பீடு என்பது செத்த பிறகு வருவது. சாகாமல் இருக்க வேண்டியது வேறு.

கத்தார் நாடு 2021-ல் ஒரு விதி போட்டது. கோடையில் காலை 10 முதல் மதியம் 3.30 வரை வெட்டவெளியில் வேலை கிடையாது. தவிர, ஈரம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். இந்தக் குறியீடு 1950களில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பயிற்சியில் மயங்கி விழுந்ததால் பிறந்தது. அதை அளக்கும் கருவி ஒன்றும் ராக்கெட் இல்லை. ஒரு பள்ளியோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ, கோயில் நிர்வாகமோ வாங்கி வைக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். நெசவாளிக்கும் சாயத் தொழிலாளிக்கும் கூலி வேலையின் அளவைப் பொறுத்தது. ஓய்வு என்றால் கூலி போச்சு. மதியம் மூன்று மணி நேரம் தறியை நிறுத்து என்று சொல்வது சுலபம், அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "தண்ணீர் குடிங்க, நிழலில் இருங்க" என்று உபதேசம் செய்வது வெறும் சுவரொட்டி வேலை. பதில் இதுதான். பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பட்டுப்புடவையின் விலைக்குள் அந்த ஓய்வின் விலையும் இருக்க வேண்டும். ஜரிகைக்கு விலை ஏறினால் புடவை விலை ஏறுகிறது, யாரும் ஏனென்று கேட்பதில்லை. மனித உடம்பு ஜரிகையை விட மலிவா?

கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், பட்டறையில் நீராவி வெளியேற வழி செய்வதும் பெரிய செலவில்லை. ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு மண்டகப்படிதோறும் நிழலும் உப்பிட்ட மோரும், போகும் வழியில் தண்ணீர் தெளித்த தரையும் கொடுப்பது பக்திக்குக் குறைவில்லை. பெருமாளுக்குக் குடை பிடிக்கும் ஊர், பெருமாளைச் சுமப்பவருக்கும் பிடிக்கலாம்.

கடைசியாக, விழுந்தவரை எப்படிக் காப்பாற்றுவது? இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வெயிலில் உழைத்தவர் உளற ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், நினைவு தப்பினால் அது வெறும் மயக்கம் இல்லை. உடம்பு வியர்த்திருந்தாலும் வெப்பத்தாக்காக இருக்கலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், முடிந்தால் தலை மட்டும் வெளியே இருக்கத் தண்ணீர்த் தொட்டியில் இருத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 வருடங்களில் வெப்பத்தாக்கு வந்த 274 பேரையும் ஐஸ் தண்ணீரில் இருத்தியே காப்பாற்றினார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆஸ்பத்திரி.

274-க்கு 274! அந்தச் சாவுகளெல்லாம் தவிர்க்கக் கூடியவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அடுத்த வைகாசியில் யாராவது "பழகிப் போச்சு" என்று ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பழகியது அவர் உடம்புக்கா, இல்லை அவர் விழுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கா?